வெட்டாறு குழுவின் சத்தம்

வேதாரண்யம்,
12.2.2024

மதிப்பிற்குரிய இளவழகன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மோகனப்பிரியா. நானும் என் கணவர் ஜெகனும் வேதாரண்யத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுவோம். ஒயரும் பெட்டியும் அவர் பொறுப்பு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்காருவது நான். உங்கள் நிகழ்ச்சி நோட்டீஸில் இருந்த நம்பருக்கு நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் "யாருங்க? யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை மன்னார்குடியில் உங்கள் நிகழ்ச்சிக்கு வந்திருந்தேன். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காக வந்தவள், "வெட்டாறு: தமிழ் ராக், 38ஆம் ஆண்டு" என்ற சுவரொட்டியைப் பார்த்ததும் பஸ்ஸை விட்டுவிட்டேன். 1997-இல் எங்கள் ஊருக்கு நீங்கள் வந்தபோது எனக்கு வயது பதினைந்து. மூன்றே பேர், இவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மேடைக்குப் பின்னால் போய்த் தேடினேன். அன்று தேடப் போனவள்தான் இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறேன்.

இனி மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மன்னார்குடியில் சத்தம் சரியில்லை. உங்கள் கிட்டார் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வளவன் சாரின் பேஸ் கிட்டார் பக்கத்துத் தெருவில் லாரி போவது போலத்தான் கேட்டது. எனக்குப் பாட்டு மனப்பாடம், பக்கத்தில் நின்ற பெண்ணோ "இது என்ன பாஷைக்கா?" என்று கேட்டாள். ஜாஃபர் சாதிக் சாரின் டிரம் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் கை அப்படி.

ஆனால் ஐந்தாவது பாட்டில் ஜெனரேட்டர் நின்றது அல்லவா? நீங்கள் மைக்கை விட்டுவிட்டு மேடை விளிம்புக்கு வந்து வெறும் குரலில் 'மதகைத் தூக்கு' பாட்டை முடித்தீர்கள். ஜாஃபர் சார் டிரம்மின் ஓரத்தில் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றது எண்பது அடி தள்ளி. ஒவ்வொரு எழுத்தும் வந்து சேர்ந்தது. அறுபதைத் தாண்டியும் இப்படி ஒரு குரல் இருக்கிறது, அதை உங்கள் கிட்டாரே மூடி வைத்திருக்கிறது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
மோகனப்பிரியா

நீடாமங்கலம்,
20.2.2024

மோகனப்பிரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் நான் பார்க்காத மைக் செட்காரர் இல்லை. எல்லோரும் வண்டியை விட்டு இறங்கும்போதே "கிட்டாரக் கொறைங்க சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் அதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவன். ஆற்றுத் தண்ணீரைப் பிரித்துவிடும் மூணாறு தலைப்பில் முப்பது வருஷம் மதகு ஏற்றி இறக்கினேன். முழுத் தண்ணீர் பாயும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, நெஞ்சு அதிரும். அந்தச் சத்தத்தை மேடைக்குக் கொண்டுவரத்தான் நானும் ஜாஃபரும் வளவனும் குழு ஆரம்பித்தோம். ஆற்றின் பெயரை வைத்ததும் அதனால்தான். காதுக்கு இதமாக வேண்டுமென்றால் ஊரில் எத்தனையோ கச்சேரி இருக்கிறது. ஜெனரேட்டர் நின்றுபோன பாட்டைப் போய் நீங்கள் பாராட்டுகிறீர்கள். கரண்ட் இல்லாத ராக் குழுவுக்கு எங்கள் ஊரில் பஜனை கோஷ்டி என்று பெயர்.

உங்கள் கடிதத்தை ஜாஃபரிடம் காட்டினேன். சிரித்தான். ஏன் சிரித்தான் என்று தெரியவில்லை.

மேடையேறியது மன்னார்குடியோடு போதும் என்று நினைத்திருக்கிறேன். ஆகவே யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. போன் செய்ய வேண்டாம்.

இளவழகன்

பின்குறிப்பு: அந்தப் பெண் என்ன பாஷை என்று கேட்டதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

வேதாரண்யம்,
1.3.2024

இளவழகன் அண்ணன் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதிவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் கடிதத்தை ஜெகனிடம் வாசித்துக் காட்டினேன். "தேவையா ஒனக்கு?" என்றார். இரண்டு நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மதகுக்காரரிடம் மதகுக் கணக்கிலேயே பேசுகிறேன். நீங்கள் தலைப்பில் திறந்துவிடும் தண்ணீர் கடைமடைக்கு வர எத்தனை நாள் ஆகும், எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் கடைமடை. மேலே ஒரே வாய்க்கால் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டால் எங்களுக்கு என்ன கிடைக்குமோ, அதுதான் அன்று வளவன் சாருக்கும் உங்கள் சொற்களுக்கும் கிடைத்தது.

இதற்கு மேல் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். எங்கள் அப்பா அய்யாக்கண்ணு இருபத்தெட்டு வருஷம் விசைப்படகில் எஞ்சின் பார்த்தவர். யாராவது கூப்பிட்டால் ஒரு கணம் தாமதித்து, வலது தோளை முன்னால் கொடுத்து, அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு திரும்புவார். எஞ்சின் பக்கம் நின்ற எல்லோரும் அப்படித்தான் திரும்புவார்கள். மன்னார்குடியில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் நீங்கள் ஜாஃபர் சாரைப் பார்க்க அப்படியேதான் திரும்பினீர்கள். கிட்டார்ச் சத்தம் வரும் ஆம்ப் பெட்டி இருந்தது உங்கள் இடது பக்கம். பாட்டுக்குப் பாட்டு அதைக் கூட்டிக்கொண்டே போனீர்கள்.

அண்ணன், உங்களுக்கு இடது காது கேட்கவில்லையா? போனில் என் குரல் கேட்காததும் அதனால்தானா?

தவறாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

மோகனப்பிரியா

நீடாமங்கலம்,
9.5.2024

அம்மா மோகனப்பிரியா,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெகுநேரம் கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

இடது காது அனேகமாக இல்லை. வலதில் கீழ்ச்சத்தம் கேட்கும், மேலே உள்ளது கேட்காது. ச, ஷ எல்லாம் எனக்கு இனி வாயைப் பார்த்தால்தான். போனில் எல்லோரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல் இருக்கிறது. மதகுச் சத்தமும் மேடைச் சத்தமும் சேர்ந்து செய்த வேலை, இனி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

நான் கிட்டாரைக் கூட்டியது திமிரில் இல்லை. எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் வரை கூட்டினேன்.

ஜாஃபருக்கும் வளவனுக்கும் தெரியாது. வளவன் தஞ்சாவூரில் வக்கீல். ஒரு வருஷமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை, தன் பேஸ் வெளியே வரக்கூடாது என்றே நான் கூட்டுவதாக நினைக்கிறான். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். காது செத்தவன் என்று சொல்வதைவிட அது தேவலை.

செப்டம்பரில் எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஒரு நிகழ்ச்சி கேட்கிறது. ஜாஃபர் சரி சொல்லிவிட்டான். எப்படி மறுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

இளவழகன்

வேதாரண்யம்,
16.5.2024

அண்ணன் அவர்களுக்கு,

மறுக்காதீர்கள். செப்டம்பர் நிகழ்ச்சிக்குச் சவுண்ட் நாங்கள் செய்கிறோம்.

இப்போது வலது காதில் சின்னதாக ஒன்றைப் பொருத்திக்கொண்டு பாடலாம். உங்கள் குரலும் ஸ்னேர் டிரம்மும் மட்டும் அதில் வரும்படி செய்கிறேன். உங்களுக்குக் கேட்காத மேல் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகாதபடி பூட்டியும் வைப்பேன். ஆம்பை இடது பக்கத்திலிருந்து எடுத்து உங்கள் முதுகுக்குப் பின்னால், பாதிச் சத்தத்தில் வைக்கலாம். கிட்டாரை ஊருக்குக் கேட்க வைப்பது என் வேலை. கிட்டார் கம்பியின் சுருதியை ஒரு அரைக்கட்டை இறக்கினால் மேல் இடங்களில் குரலும் இடிக்காது.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. மற்ற இருவரிடமும் நீங்கள் சொல்ல வேண்டும். மேடையில் இரண்டு பேருக்குத் தெரியாத விஷயத்தை மறைத்துக்கொண்டு என்னால் மிக்சரில் உட்கார முடியாது. எங்கள் அப்பாவும் காது போனதைப் படகில் சொல்லவில்லை. "கயிற விடாத"ன்னு கத்தினது அவருக்கு "விடு"ன்னு கேட்டது. ஒரு ஆளுக்குக் கை போனது.

உங்கள் கோபத்துக்கு நான் தயார்.

மோகனப்பிரியா

நீடாமங்கலம்,
3.6.2024

அம்மா,

கோபம் வந்தது. குறிப்பாக அந்த அரைக்கட்டைக்கு. அதைப் பிறகு பேசுவோம்.

போன வாரம் கூத்தாநல்லூரில் ஜாஃபரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஒரு டீ குடித்து முடித்தேன். பிறகு சொன்னேன். அவன் கையில் இருந்த பிரேக் கேபிளைச் சுற்றிக்கொண்டே, நான் வாயைப் பார்க்கும்படி நிமிர்ந்து சொன்னான்: "தெரியும்டா. ரெண்டு வருசமா நான் ஒன் கிட்டாரக் கேட்டு அடிக்கல. ஒன் தோளப் பாத்து அடிக்கிறேன். நீ எங்க வந்து எறங்குறியோ அங்க நான் வந்து நிப்பேன்."

"ஏன்டா சொல்லல?" என்றேன்.

"நீ ஏன் சொல்லல?" என்றான்.

உங்கள் கடிதத்தைப் படித்து அவன் சிரித்ததற்குக் காரணம் கேட்டேன். சத்தம் சரியில்லை என்று வெளியாள் ஒருத்தராவது எழுதிவிட்டாரே என்ற நிம்மதியாம்.

ஜாஃபர் இரண்டு வருஷமாகத் தாளத்தை எனக்காக நகர்த்தி நகர்த்தி வாசித்திருக்கிறான். மன்னார்குடியில் டிரம் மட்டும் தெளிவாக இருந்தது என்று எழுதினீர்களே, அந்தக் கைதான். 

வளவனிடம் ஜாஃபர்தான் சொன்னான். அடுத்த நாள் வளவனிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: "என் பேஸ் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அதற்கு இது எவ்வளவோ பரவாயில்லை." பிறகு இன்னொன்று: "பரவாயில்லை என்று எழுதியது தப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்."

ஆகஸ்ட் 11, ஞாயிறு. ஜாஃபரின் குடோனில் ஒத்திகை. உங்கள் காது மிஷினோடு வாருங்கள்.

இளவழகன்

நீடாமங்கலம்,
13.8.2024

மோகனப்பிரியாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அப்படி எழுந்து போயிருக்கக் கூடாது. நீங்களும் ஜெகனும் வேதாரண்யத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். காதிலிருந்து பிடுங்கி எறிந்தது உடைந்திருந்தால் சொல்லுங்கள், அது என் பொறுப்பு.

மிஷினில் குறையில்லை. நன்றாகவே வேலை செய்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் குரலை நானே கேட்டேன். உள்ளே ஒரு கிழவன் பாடிக்கொண்டிருந்தான்.

'மதகைத் தூக்கு' பாட்டில் அந்த மேல் இடத்துக்கு நான் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன். கிட்டார்ச் சத்தத்துக்கு நடுவே என் தலைக்குள் அந்தப் பழைய குரல்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கீழே இருந்த ஜனங்களுக்குக் கேட்டது இதுவா?

வாசகர் வட்டத்துக்கு வேறு குழுவைப் பார்க்கச் சொல்லிவிடலாம்.

இளவழகன்

வேதாரண்யம்,
19.8.2024

அண்ணன் அவர்களுக்கு,

மிஷின் உடையவில்லை. ஜாஃபர் அண்ணன் கேட்ச் பிடித்துவிட்டார்.

"கிழவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நான் ஹெட்போனில் கேட்டதை எழுதுகிறேன், பொய் இருந்தால் சொல்லுங்கள்.

1997-இல் உங்கள் குரல் மேலே போனால் சொல் காணாமல் போய்விடும். வெறும் கூவல் மட்டும் இருக்கும். அந்த வயதில் எனக்கு அது போதுமாயிருந்தது. இப்போது அந்த இடத்துக்குப் போகும் முன்பே குரல் கரகரக்கிறது. உங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கரகரப்பில் சொல் உடையாமல் வருகிறது. 'மதகைத் தூக்கு' என்பதில் 'தூக்கு' இருக்கிறதே, பழைய குரலில் அது ஆர்ப்பாட்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே எடையைத் தூக்குகிற ஆள் சொல்வது போல் இருந்தது. ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஜெகன் அப்படியே நின்றுவிட்டார். அவர் எந்தப் பாட்டுக்கும் நிற்காதவர். இருபது வருஷமாக எல்லாப் பாட்டும் அவருக்கு வேலை நேரம்தான்.

மூச்சு குறைந்திருக்கிறது, உண்மைதான். அதனால் வரிக்கு வரி இடைவெளி விடுகிறீர்கள். அந்த இடைவெளியில்தான் முதல்முறையாக வளவன் சாரின் விரல் எனக்குக் கேட்டது. என்ன விரல் அண்ணன் அது! முப்பத்தெட்டு வருஷம் இதை எங்கே வைத்திருந்தார்?

இளைஞர் குழுக்களுக்கு நான் நிறையச் செய்கிறேன். நன்றாக வாசிக்கிறார்கள், இசையில் கொஞ்சத்தைக் கணினியில் ஓடவிட்டு அதன் மேல் வாசிக்கிறார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பார்த்து வாசிக்கிறீர்கள். அதை எந்தப் பெட்டியிலும் நான் ஏற்ற முடியாது.

அரைக்கட்டை இறக்குங்கள். வளவன் சாரின் பேஸ் பெட்டி மேல் ஒரு பலகை போட்டுத் தருகிறேன், அதன் மேல் நின்று பாடுங்கள். பேஸ் உங்கள் கால் வழியாக வரும், காது வேண்டியதில்லை.

செப்டம்பர் 28-ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வண்டி நீடாமங்கலத்தில் நிற்கும். நீங்கள் வராவிட்டால் வாசகர் வட்டத்துச் செயலாளர் பேசுவதற்கு மைக் போட்டுவிட்டுப் போகிறோம்.

மோகனப்பிரியா

நீடாமங்கலம்,
30.9.2024

தங்கச்சி மோகனப்பிரியாவுக்கு,

சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் உங்களோடு பேச வேண்டும் என்று இறங்கி வந்தேன். சுற்றிலும் ஜனம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எனக்கு ஒருவர் வாயும் பிடிபடவில்லை. தூறல் வலுக்கிறது என்று நீங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். கையைத் தூக்கிக் காட்டினேன், பார்த்தீர்களா தெரியவில்லை.

எனக்குள்ளே கேட்டது எனக்குத் தெரியும். குரல், ஸ்னேர், காலுக்கடியில் வளவன். (வளவன் சொல்கிறான்: "என் பேஸ் ஒன் காதுக்கு வரல, உள்ளங்காலுக்காவது வந்துச்சே.") வெளியே எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மேடையில் நிற்பவனுக்கு அது என்றைக்குமே தெரியாது, எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியாது. நீங்கள் எழுதினால் நம்புவேன்.

இன்னொன்று. நான்காவது பாட்டில் நான் தடம் மாறி, கையைத் தூக்கி நிறுத்தினேன். காது போய்விட்டது என்று மைக்கில் சொல்வதாக முன்கூட்டி ஏதும் திட்டமில்லை, வாயில் வந்துவிட்டது. அப்போது கூட்டத்திலிருந்து யாரோ என்னவோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், ஜாஃபர் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். என்ன சொன்னார்கள் என்று அவனைக் கேட்டால், "மோகனப்பிரியாட்ட கேளு, அவங்கதான் ஒனக்கு எழுதுறவங்க" என்கிறான்.

கேலியா? கேலி என்றாலும் எழுதுங்கள்.

இளவழகன்

வேதாரண்யம்,
6.10.2024

அண்ணன்,

நீங்கள் கையைத் தூக்கியதைப் பார்த்தேன். பேஸ் பெட்டியின் மறுமுனை என் கையில் இருந்தது.

முதல் இரண்டு பாட்டு சுமார்தான். கிட்டார் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது, அது என் தவறு. மூன்றாவதில் சரி செய்தேன். அதன் பிறகு மிக்சரை ஜெகனிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். நாற்காலி வரிசைகளைத் தாண்டி, டூவீலர்கள் நிற்கும் இடம் வரை போனேன். அங்கேயும் சொல் உடையாமல் வந்தது. டீக்கடைக்காரர் பாத்திரத்தைத் தட்டாமல் வைத்தார். கிட்டார் இப்போது குரலைத் தள்ளிக்கொண்டு வரவில்லை, குரலுக்குப் பின்னால் சுவர் போல் நின்றது. பேஸ் தரை வழியாக என் செருப்புக்கே வந்தது. மூன்று பேரும் தனித்தனியாகவும் கேட்டார்கள், ஒன்றாகவும் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் நான் செய்த சவுண்டில் இதைவிட நல்லது இல்லை.

நான்காவது பாட்டில் நீங்கள் நிறுத்தினீர்கள். நீங்கள் சொன்னது இதுதான், உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ: "ஒரு நிமிஷம் இருங்க. எனக்குக் காது பாதி போயிடுச்சு. இவங்க ரெண்டு பேரும் எங்க இருக்காங்கன்னு தெரியல. மொதல்லேந்து வரோம்."  நான் பயந்துவிட்டேன். அப்போதுதான் வண்டிகள் பக்கத்திலிருந்து நடுவயதுப் பெண் ஒருவர் கத்தினார்: "மெதுவா வாங்கண்ணே, நாங்க எங்கயும் போவல!"

கேலி இல்லை அண்ணன். என்னை விட்டு நான்கடி தள்ளி நின்றவர், முகத்தைப் பார்த்தேன்.

பிறகு ஜாஃபர் அண்ணன் நான்கு தட்டுத் தட்டினார், நீங்கள் அவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தீர்கள். அந்த மறு தொடக்கத்தைப் பற்றி எழுத முயன்று மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். தூறல் போட்டது, ஒருவர்கூட எழவில்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

மோகனப்பிரியா

நீடாமங்கலம்,
20.11.2024

தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை ஜாஃபர் கடையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். செருப்புக்கு வந்த பேஸ் பகுதியை வளவன் இரண்டு முறை வாசிக்கச் சொன்னான். கோர்ட்டில் சாட்சி வாக்குமூலத்தைக் கேட்பது போல் தலையை ஆட்டினான்.

போன வாரம் மறுபடி பரிசோதனை. வலது காது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எத்தனை நாள் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார், நானும் வற்புறுத்தவில்லை. மேடையில் நீங்கள் பூட்டி வைத்த அளவைத் தாண்டக் கூடாது, வீட்டில் கிட்டாரைக் கரண்ட் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்றார். வாசித்துக்கொண்டிருக்கிறேன். தாடையைக் கிட்டார் மரத்தில் வைத்துக்கொண்டால் எலும்பு வழியாகக் கேட்கிறது.

இப்படி வாசித்துக்கொண்டிருந்ததில் ஒரு பாட்டு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான் புதிதாக ஒரு வரி எழுதியதில்லை. பழையதையே வாசித்தோம், ஜனங்களும் அதையே கேட்டார்கள். அந்தப் பாட்டெல்லாம் அப்போதிருந்த குரலுக்கு எழுதியவை, அதனால்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதில் எட்ட வேண்டிய இடமே இல்லை. எனக்கு இப்போது எந்த இடம் வருமோ அங்கேயே ஆரம்பித்து அங்கேயே நிற்கிறது. மூச்சு விடும் இடங்களையெல்லாம் வளவனுக்குக் கொடுத்துவிட்டேன். ஜாஃபருக்கு முதல் இரண்டு வரிக்கு வேலையில்லை. மூன்றாவது வரியில் அவன் வருவதை, அவன் தோளைப் பார்த்து, நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 18, கூத்தாநல்லூர். அங்கே அதைத்தான் முதலில் பாடப் போகிறோம். வரிகளை இதோடு வைத்திருக்கிறேன். எந்தச் சொல் கடைசி வரிசைக்குப் போகாது என்று பார்த்துச் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

இளவழகன்